பி பிளாக் தனியாகப் போகிறேன் என்றபோது

அன்று காலை கார் நிறுத்தும் இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

ஏ பிளாக் ராகவன் சார். செகரட்டரி. டொரான்டோவில் முப்பது வருஷம் பேங்க் வேலை பார்த்தவர். பி பிளாக் பாண்டியன் சார். ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவர் சம்சாரம் ஜெயா அம்மா. ஏ பிளாக் மாடி அலமேலு அம்மா. மான்ட்ரியல். கையில் போன். சி பிளாக் தேன்மொழி டீச்சர். வான்கூவர். சி பிளாக் நடராஜன் சார். கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் இருந்தது நியூஃபவுண்ட்லாந்து. அங்கே மட்டும் கடிகாரம் பக்கத்து மாகாணத்தைவிட அரை மணி முந்தி ஓடுமாம். இங்கேயும் அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஏழெட்டுப் பேர். மோட்டார் ரூம் வாசலில் நான். எனக்குப் பின்னால் என் மனைவி செல்லம்மாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பூனையும் இருந்தது. அது எந்த பிளாக் என்று அதுவரை முடிவாகவில்லை.

நம் மோட்டார் ஆபரேட்டர் சங்க மலருக்கு எழுதச் சொன்னார்கள். உங்கள் சர்வீஸில் மறக்க முடியாததை எழுதுங்கள் மாணிக்கம் அண்ணே என்றார்கள். மறக்க முடியாத மோட்டார் ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். மோட்டார் எல்லாம் ஒன்றுதான். ஓடும், இல்லையென்றால் எரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாவது. ஊர் உப்பிலியபுரம் பக்கம். வயல் மோட்டார் பார்த்துப் பழகினேன். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டினேன். கடை மூடிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் இந்தக் கட்டடம் எழும்பும்போது சிமெண்டுக்குத் தண்ணீர் அடிக்க வந்தேன். கட்டடம் முடிந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு அறை இருந்தது. அதில் செல்லம்மாளைக் கொண்டுவந்து வைத்தேன். இந்த வருஷம் போனிலேயே மோட்டார் போடுகிற கருவியை மாட்டினார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவ்வளவுதான் என் சரித்திரம்.

கட்டடத்தைக் கட்டியவர் கெட்டிக்காரர். கனடாவில் போய்க் கண்காட்சி வைத்து, அங்கேயே எல்லா வீட்டையும் விற்றுவிட்டார். வாங்கினவர்கள் அங்கே ரிட்டயர் ஆன நம்மவர்கள். ரங்கநாதர் பக்கத்தில் கடைசிக் காலம் என்று ஆசை. பெரும்பாலும் பிள்ளைகள் பெயரில் பத்திரம். பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள்.

எல்லோரும் கனடாக்காரர்கள் என்றால் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கனடா என்று ஒன்று இல்லை. ஒன்டாரியோ உண்டு. ஆல்பர்ட்டா உண்டு. கியூபெக் உண்டு. ஒருவருக்கு ஒருவர் ஆகாது.

நான் கனடா பார்த்ததில்லை. ஆனால் அங்கே யாருக்கு என்ன குறை என்று கேட்டால் சொல்லுவேன். அங்கே சாயங்காலம் வருகிற செய்தி இங்கே காலையில் போனில் வந்துவிடும். படித்துவிட்டுக் கீழே இறங்குவார்கள். கீழே நான்தான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்கு எமர்ஜென்சி என்று போனால் விடியும்வரை நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். குடும்ப டாக்டர் கிடைப்பது பெண்ணுக்கு வரன் கிடைப்பதைவிடக் கஷ்டம். போன் பில் தாங்கவில்லை. காபி வாங்கினால் மிஷினே டிப்ஸ் கேட்கிறது, கொடுக்கிறவரைக்கும் கடைப்பெண் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரோட்டில் பள்ளம் என்று சொன்னால் முனிசிபாலிட்டி மாகாணத்தைக் காட்டுகிறது, மாகாணம் மத்திய அரசைக் காட்டுகிறது, மத்திய அரசு வருத்தம் தெரிவிக்கிறது.

இதையெல்லாம் ஏன் இப்படி என்று என்னிடம் கேட்பார்கள். நான் கேட் வால்வைத் துடைத்துக்கொண்டே, அதானே சார் என்பேன். இத்தனை வருஷத்தில் அந்த நாட்டு அரசியலுக்கு நான் சொன்ன பதில் அது ஒன்றுதான். யாரும் குறை சொன்னதில்லை.

ஒன்டாரியோவில் பாலைப் பையில் விற்பார்களாம். மற்ற மாகாணத்துக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். நம் ஊரில் எல்லாப் பாலும் பையில்தான். இங்கே வந்த பிறகு ராகவன் சாருக்கு அது ஒரு நிம்மதி. காலையில் பால் பாக்கெட்டைப் பாண்டியன் சார் கண்ணில் படும்படி தூக்கிக்கொண்டு போவார்.

ராகவன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மேலே அவர்தான். அவர் திட்டுவதே தனி. டேங்க் வழிந்தால் மெதுவாக வந்து நிற்பார். "சாரி மாணிக்கம். டேங்க் வழியறது. சாரி. கொஞ்சம் பார்க்கறேளா?" என்பார். முதல் வருஷம் அவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று நினைத்து, பரவாயில்லை சார், இனிமே செய்யாதீங்க என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் சாரி சொன்னார். இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. ஒரு சாரி என்றால் சாதாரணம். இரண்டு என்றால் கோபம். மூன்று சாரியும் ஒரு தேங்க்ஸும் வந்தால் அன்றைக்கு எதிரில் நிற்கக் கூடாது.

ஒரு ஐப்பசியில் மழைத்தண்ணீர்க் குழி அடைத்துக்கொண்டது. ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில். முழங்கால் அளவு தண்ணீர். இது பிளாக் சமாசாரமா, மொத்தக் கட்டடச் சமாசாரமா, கார்ப்பரேஷன் சமாசாரமா என்று மேலே கூட்டம் போட்டார்கள். டீ வந்தது. ஓட்டு எடுத்தார்கள். மொத்தக் கட்டடச் சமாசாரம் என்று முடிவாகிக் கீழே வந்தார்கள். தண்ணீர் இல்லை. ராகவன் சார் என்னைப் பார்த்தார். மூங்கிலால் குத்தினேன் சார், போயிடுச்சு என்றேன். யாரைக் கேட்டுக் குத்தினீர்கள் என்றார் நடராஜன் சார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. தீர்மானத்தில் மூங்கிலையும் சேர்த்து மறுபடி ஓட்டு எடுத்தார்கள்.

அலமேலு அம்மா வேறு ரகம். மான்ட்ரியலில் போர்டு எல்லாம் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமாம். அங்கே அந்த அம்மா ஒரு கடை வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவருக்கு உதடு துடிக்கும். இங்கே வந்த இரண்டாவது மாதம் ஸ்கேலோடு கீழே வந்தார். "மாணிக்கம், போர்டுல தமிழ் ரெண்டு பங்கு பெரிசா இருக்கணும். நீயே அளந்து பார்" என்றார். அளந்தேன். லிஃப்ட் வாசலில் ஆள் உயரத்துக்கு மின்தூக்கி என்று எழுத வேண்டிவந்தது. கதவு திறந்தால் பாதி எழுத்து உள்ளே போய்விடும்.

இனி தண்ணீர்.

நம் ஆட்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பி பிளாக்கில் இருக்கிற போர் ஒன்றுதான் நல்ல தண்ணீர். ஏ பிளாக்கில் போட்டது செங்காவி, வேட்டி நனைத்தால் சாமியார் வேட்டி ஆகிவிடும். சி பிளாக்கில் போடத் தேன்மொழி டீச்சர் விடவில்லை. அங்கே ஒரு மரமல்லி நிற்கிறது. வேரில் டிரில் பட்டால் நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றார். வான்கூவரில் அப்படி நின்றவராம். அதனால் போர் பி பிளாக்கில். கரண்டுக்கான மெயின் பேனல் ஏ பிளாக்கில். நடுவில் குழாய் சி பிளாக் வழியாக, மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

காலையில் மோட்டார் போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஏ பிளாக் போய் மூன்று பேஸ் விளக்கும் ஒரே மாதிரி எரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்று மங்கினாலும் தொடமாட்டேன். பி பிளாக் வந்து கேட் வால்வை முக்கால் மூடுவேன். ஸ்டார்ட்டரில் பச்சையை அழுத்துவேன். மோட்டார் பூமிக்குள் இருக்கிறது, சத்தம் வராது. குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். முதலில் காற்று வரும், பெரியவர்கள் இருமுகிற மாதிரி. அது நின்றதும் குழாய் சில்லென்று ஆகும். அப்புறம்தான் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் சி பிளாக்கில் மரத்தைச் சுற்றுகிற வளைவில் தண்ணீர் முட்டிக் குழாய் உடையும். டீச்சர் மரத்துக்குத்தான் முதலில் விழுந்தடித்து ஓடுவார்.

ஒரு மார்கழியில் ரோட்டில் கார்ப்பரேஷன் குழாய் உடைந்தது. ஒரு வாரம் காவேரித் தண்ணீர் இல்லை. போர்தான் எல்லோருக்கும். நான் குழாயில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். பாண்டியன் சார் போனில் ஆல்பர்ட்டா செய்தி படித்துக்கொண்டு வந்தார். அந்த மாகாணம் எண்ணெய் எடுக்கிறது, பணம் டில்லி மாதிரி ஒரு இடத்துக்குப் போகிறது, அங்கிருந்து மற்ற மாகாணங்கள் அள்ளிக்கொள்கின்றன. இதுதான் அவருடைய தினசரிக் குறை. அன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தவர், குழாயைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மாணிக்கம், இந்தத் தண்ணி எங்க போகுது?"

"ஏ பிளாக்குக்கு சார். சி பிளாக்குக்கும்."

"நம்ம போர்லேர்ந்தா?"

"ஆமா சார்."

"அவங்க நமக்கு என்ன தர்றாங்க?"

யோசித்தேன். "கரண்டு சார்" என்றேன். அது அவர் காதில் விழவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. முப்பது வருஷம் அங்கே கத்தியும் நடக்காத ஒன்று இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்ட வெளிச்சம்.

சாயங்காலம் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நம் நீர் நமக்கே. பி பிளாக் தனியாகப் போகிறது. அலமேலு அம்மா படித்துவிட்டுப் பாராட்டினார். தமிழில் மட்டும் இருந்ததுதான் காரணம். விஷயத்தைப் பற்றி அவருக்கு வேறு அபிப்பிராயம்.

"எங்க கியூபெக்ல கனடாவை விட்டுப் பிரியலாமான்னு ரெண்டு தடவை ஓட்டு எடுத்தா, பாண்டியன். ரெண்டாவது தடவை மயிரிழைல தப்பித்து. பிரியறதெல்லாம் முக்கியமில்ல. பிரிஞ்சுடுவோம் பிரிஞ்சுடுவோம்னு சொல்லிண்டே இருக்கணும். கேட்டதெல்லாம் கிடைக்கும்."

"நான் நிஜமாவே போகப்போறேங்க" என்றார் பாண்டியன் சார்.

"அப்ப ஒண்ணும் கிடைக்காது" என்றார் அந்த அம்மா.

பேச்சுவார்த்தை தொடங்கியது. ஜெனரேட்டர் ஏ பிளாக்குக்கு. ஏணி பி பிளாக்குக்கு. மரமல்லி சி பிளாக்குக்கு, ஆனால் பி பிளாக்கில் உதிர்கிற பூ பி பிளாக்குக்கு. ஏ பிளாக் பேனலிலிருந்து கரண்டு வராவிட்டால் மோட்டார் எப்படி ஓடும் என்று ராகவன் சார் கேட்டார். நாலு சாரி சொல்லிக் கேட்டார். மாடியில் சோலார் போட்டுக்கொள்வோம் என்றார் பாண்டியன் சார். தண்ணீர் எங்கள் பக்கம் வராது என்றால் குழாயை எடுத்துவிடுங்கள் என்றார் டீச்சர். தோண்டினால் வேர் அறுந்துவிடுமே என்று உடனே அவரே, வேண்டாம், இருக்கட்டும், தண்ணீரை மட்டும் நிறுத்துங்கள் என்றார். பிறகு, நான் எதில் குளிப்பது என்று கேட்டார்.

அடுத்தது மாணிக்கம் என்றார் நடராஜன் சார். நான் ஏதோ கேட்கக் கூப்பிடுகிறார்கள் என்று போனேன். கூப்பிடவில்லை. ஏணிக்கு அடுத்து நான். அதுதான் வரிசை.

காலையில் ஏ பிளாக், மத்தியானம் சி பிளாக், சாயங்காலம் பி பிளாக் என்று என்னைப் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதில் இழுபறி. நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை எனக்குச் சிரிப்புத்தான். அப்போது பாண்டியன் சார் சொன்னார், மோட்டார் ரூமை ஒட்டின அறை பி பிளாக் நிலத்தில் இருக்கிறது, தனி பிளாக் என்றால் ஆபீஸ் வேண்டும், அதைத்தான் எடுக்க வேண்டும் என்று.

"மாணிக்கத்துக்கு வேற எடம் பாத்துக்கலாம்" என்றார்.

யார் பார்ப்பது என்று சொல்லவில்லை. ராகவன் சார் என்னைப் பார்த்துச் சாரி என்றார். அது எந்த வகைச் சாரி என்று எனக்குத் தெரியவில்லை.

அறைக்குப் போய்ச் சொன்னேன். செல்லம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அவங்க ஊரு பிரிஞ்சா நமக்கென்னன்னு நெனச்சேன். நம்ம அடுப்பு போவுதே" என்றாள்.

அந்த வயசில், கால் மடங்காத மனைவியோடு, ஸ்ரீரங்கத்தில் வீடு தேட வேண்டும். இரண்டு படி ஏறுகிற வீடு என்றாலே அவளால் முடியாது. தெருவில் விசாரித்தேன். கீழ்வீடு எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. ஊருக்கே போகலாம் என்றால் அங்கே தம்பி மகன் குடித்தனம். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பாண்டியன் சாரிடம் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். செல்லம்மாளுக்குக் கால் வலி தாங்காத அன்றைக்கு, ஆட்டோ வேண்டாம் என்று தன் காரில் முன் சீட்டில் உட்கார வைத்து டவுனுக்கு டாக்டரிடம் கொண்டுபோனவர் அவர். டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே உள்ளே கூப்பிட்டார்கள். பாண்டியன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே அவர் முழங்கால் ஆபரேஷனுக்கு ஒன்றரை வருஷம் வரிசையில் நின்றவராம். வலி அவளுக்கு, அழுகை அவருக்கு. நர்ஸ் அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தாள். அப்படிப்பட்ட மனுஷரிடம் போய், என் அறையை எடுக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது.

மறுநாள் டேப்போடு வந்தார். அறையை அளந்தார். மேஜை இங்கே, பீரோ அங்கே என்று காற்றில் கோடு போட்டார். மேஜை வந்த இடம் எங்கள் கட்டில். செல்லம்மாள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், அவர் கேட்டதால். அளந்து முடித்து, என்ன வாசனை என்றார். கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு கிண்ணம் கொடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா. இந்த ரூமுக்கு வந்தாத்தான் எனக்குப் பசியே எடுக்குது" என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் மனசில் ஆபீஸ் வேறு, இந்த அறை வேறு. இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஓட்டு யார் போடுவது என்று ஒரு சண்டை. வீட்டுச் சொந்தக்காரர் என்று வைத்தால் பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். பிள்ளைகளை உள்ளே விட்டால் இந்தக் கூத்து ஒரு நாளில் முடிந்துவிடும். அதை இரண்டு தரப்பும் விரும்பவில்லை. பாண்டியன் சார்தான் வழி சொன்னார். கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் ஏறக்குறைய அரை வருஷம் அங்கேயே இருந்தால்தான் இலவச வைத்தியத்துக்கான ஹெல்த் கார்டு செல்லும்; அந்தக் கார்டை இங்கே யாரும் விட்டுவிடவில்லை. அதே மாதிரி, கடந்த வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. ராகவன் சார் உடனே ஒத்துக்கொண்டார். பாண்டியன் சார் இங்கே இருந்தது குறைவு என்று அவர் நினைத்தார். அவர் குறைவு என்று இவர் நினைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எல்லோரும் எத்தனை நாள் இங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். டேங்க் நிரம்புகிற நேரத்தை வைத்தே சொல்லிவிடலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்படித்தான் தை மாதம் அந்தக் காலை வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடராஜன் சார் எழுந்து விதியைப் படித்தார். தீர்மானத்தைப் படித்தார். பி பிளாக் தனியாகப் போக வேண்டுமா, வேண்டாமா. ஒரு வரிதான். கியூபெக்கில் கேட்ட கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்று அலமேலு அம்மா குறைபட்டார்.

"முதல்ல தகுதி பார்த்துடலாம். ஆறு மாசத்துக்கு மேல இங்க இருந்தவங்க கை தூக்குங்க" என்றார் நடராஜன் சார்.

பாண்டியன் சார் கை முதலில் போனது. நேராக, கொடிக்கம்பம் மாதிரி. ராகவன் சார் கை. டீச்சர் கை. வரிசையாக எல்லாக் கையும். தலைவர் கையும் தூக்கியிருந்தது. அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிராளியும் தூக்கியிருக்கிறானே என்று எல்லார் முகத்திலும் ஒரு ஏமாற்றம்.

அலமேலு அம்மா போனை உயர்த்திப் பிடித்து எல்லோரையும் ஒரு சுற்றுக் காட்டினார்.

"கையை நன்னா தூக்குங்கோ. மாட்டுப்பொண்ணு பார்த்துண்டிருக்கா. டொரான்டோலேர்ந்து. நம்ம கூட்டம்னா அவளுக்கு ரொம்ப இஷ்டம்."

யாரோ, மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார்கள். மரியாதைக்குக் கேட்ட கேள்வி.

"ஹெல்த் கார்டு ஆபீஸ்ல" என்றார் அலமேலு அம்மா. "யார் அரை வருஷம் இருக்கா, யார் இல்லன்னு சரிபார்க்கற செக்ஷன்."

போனிலிருந்து ஒரு பெண் குரல் எல்லோருக்கும் வணக்கம் சொன்னது.

நான் மோட்டார் வேலை பார்த்தவன். பியூஸ் போகும்போது ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இறங்கியது. டீச்சர் கை கூந்தலைச் சரிசெய்தது. ராகவன் சார் கை நாமத்தைத் தொட்டுப் பார்த்தது. பாண்டியன் சார் கை மட்டும் கொஞ்சம் மேலேயே நின்று, பிறகு முதுகைச் சொறிந்தது.

"நான் வந்தே மூணு வாரம்தான் ஆச்சு" என்றார் பாண்டியன் சார், போனைப் பார்த்து.

நான் அவருக்கு ஆடியிலிருந்து பால் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜெயா அம்மா தரையைப் பார்த்தார். "ஆமா. மூணு வாரம். ஜெட் லாக்கே இன்னும் போகல" என்றார்.

ராகவன் சார் நேற்றுத்தான் வந்தாராம். டீச்சர் நாளைக்குத் திரும்பப் போகிறாராம். ஒருவர் இந்தக் கட்டடத்துக்கே முதல் தடவை வருகிறேன் என்றார். அவர் போன வருஷம் பொருளாளர். இங்கே குளிர்காலம் எப்படி இருக்கும் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். அலமேலு அம்மாவே மெதுவாகப் போனைத் தன் பக்கம் திருப்பி, நானும் சும்மா எட்டிப் பார்க்க வந்தேண்டி என்று சொன்னார்.

நடராஜன் சாருக்கு முறை முக்கியம். "அப்படின்னா தகுதி உள்ளவங்க யாரும் இல்ல. ஆனா ஓட்டு எடுக்கறதா அறிவிச்சாச்சு. எடுக்காம கலைய முடியாது. இங்க குடியிருக்கறவங்க யாருமே இல்லயா?" என்றார்.

பூனை நடுவில் வந்து படுத்தது.

ஜெயா அம்மாதான் எங்கள் பக்கம் திரும்பினார். "இவங்க இருக்காங்களே" என்றார்.

பாண்டியன் சார், அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லையே என்றார். சொந்தக்காரர் என்று போட வேண்டாம், குடியிருப்பவர் என்று போடுங்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் ராகவன் சார். அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் சாரி சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டேன்.

பாண்டியன் சார் என்னிடம் வந்தார். அவருக்கு எல்லாம் முறைப்படி தெரிய வேண்டும். வெல்டிங் பார்த்தவர் இல்லையா.

"மாணிக்கம், நீயும் உன் சம்சாரமும் வருஷம் பூரா இங்கதான் இருந்தீங்களா?"

"ஆமா சார்."

"நடுவுல எங்கயும் போகல?"

"போறதுக்கு எங்களுக்கு வேற எடம் இல்ல சார்."

வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலே அறைக்குள் பார்த்தார். கட்டில் தெரிந்திருக்கும். அடுப்பு தெரிந்திருக்கும். சட்டைப் பையில் அந்த டேப் இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"நீ உனக்குத் தோணினபடி போடு மாணிக்கம்" என்றார். "எனக்காகப் பாக்காத."

செல்லம்மாள் டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்தபடியே தூக்கலாம் என்று ஜெயா அம்மா சொன்னார். அவள் கேட்கவில்லை, நின்றுதான் தூக்கினாள். நானும் தூக்கினேன். உள்ளங்கையில் கிரீஸ் இருந்தது.

நடராஜன் சார் எண்ணினார். முறைப்படி மறுபடியும் எண்ணினார். உரக்கப் படித்தார்.

வேண்டும், 0. வேண்டாம், 2.